இலவசக் கல்வியின் விலை: வட்டுக்கோட்டைச் செமினரி உணர்த்தும் பாடம்

ஈழத்துத் தமிழரின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் வட்டுக்கோட்டைச் செமினரிக்கு ஓர் அத்தியாயமேனும் ஒதுக்காது விடுவதில்லை. அமெரிக்க மிசனரிமார் 1823ஆம் ஆண்டிலே தொடங்கி, 1855ஆம் ஆண்டிலே தம் கையாலேயே மூடிவிட்ட அக்கல்விக்கூடம் முப்பத்திரண்டு ஆண்டுகளே வாழ்ந்தது. எனினும் அக்குறுகிய காலத்தினுள் அது தமிழுலகுக்கு அளித்த அறிஞர் வரிசை நீண்டது. சி. வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, வைமன் கதிரவேற்பிள்ளை என அவ்வரிசை விரியும்.

இச்செமினரியைப் பற்றி எழுதுவோர் இரு திறத்தினர். ஒரு சாரார், ஏழை நாடொன்றின் பிள்ளைகளுக்கு ஊணும் உடையும் உயர்கல்வியும் ஒரு காசும் பெறாது வழங்கிய பெருங்கொடை என அதனைப் போற்றுவர். மறு சாரார், மதமாற்றம் என்னும் தூண்டிலிலே கோத்த இரை என அதனைத் தூற்றுவர். போற்றுவோரும் தூற்றுவோரும் பிற எல்லாவற்றிலும் மாறுபட்டாலும் ஒரு விடயத்திலே மட்டும் ஒன்றுபடுகின்றனர். செமினரிக் கல்வி இலவசமானது என்பதே அது. ஒரு சாராருக்கு அந்த இலவசம் தருமம். மறு சாராருக்கு அது வஞ்சகம். ஆயின், அது இலவசந்தானா என்ற வினாவை இரு சாராரும் எழுப்பவில்லை.

இவ்வினா பழைய ஏடுகளோடு முடிந்துபோன ஒன்றன்று. குருமடங்களும் இறையியற் கல்லூரிகளும் இந்நாட்டில் இன்றும் இயங்குகின்றன. அங்கே பயிலும் இளைஞர் பலர் ஏழைக் குடும்பங்களிலிருந்து வருவோர். அவர்தம் உணவுக்கும் உறையுளுக்கும் நூலுக்கும் ஆசிரியர் வேதனத்துக்கும் யார் பணம் கொடுப்பது? மாணவனே கொடுக்கட்டும் என்பர் சிலர். வெளிநாட்டு அன்பர் கொடுக்கட்டும் என்பர் பலர். இவ்விரு விடைகளும் தவறானவை. அவை ஏன் தவறானவை என்பதை வட்டுக்கோட்டையின் வரலாறே தெளிவாக எடுத்துரைக்கின்றது.

1. பெயர் என்னும் விலை

அமெரிக்க மிசனரிமார் 1816ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்தனர். தெல்லிப்பழை முதலிய நிலையங்களிலே அவர்கள் நிறுவிய விடுதிப் பாடசாலைகளிற் பயின்ற சிறுவர்களிலிருந்தே வட்டுக்கோட்டைக்கு மாணாக்கர் தெரிவுசெய்யப்பட்டனர். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல், தருக்கம், இயற்கை விஞ்ஞானம் என அக்காலத்து ஆசியாவில் அரிதாகவே கிடைத்த பாடங்கள் அங்கு கற்பிக்கப்பட்டன. உண்மையிலே மிசனரிமார் நிறுவக் கருதியது ஒரு பூரணமான கல்லூரியை. பிரித்தானிய ஆட்சியாளர் அதற்கு இணங்காமையினாலேயே அது செமினரியாக நின்றது.

இதற்கான பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்குள்ள தேவாலயங்களும் மாதர் சங்கங்களும் தனிப்பட்ட குடும்பங்களும் ஆண்டுதோறும் குறித்ததொரு தொகையைச் செலுத்தி யாழ்ப்பாணத்துச் சிறுவன் ஒருவனை அல்லது சிறுமி ஒருத்தியைத் தாங்கின. அவ்வாறு பணம் செலுத்தியோருக்கு ஓர் உரிமை வழங்கப்பட்டது. தாம் தாங்கும் பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரை இடலாம் என்பதே அவ்வுரிமை. தம் பெயரையோ, இறந்துபோன உறவினர் ஒருவரின் பெயரையோ, தம் போதகரின் பெயரையோ அவர்கள் தெரிந்தனுப்பினர். அப்பெயர் கப்பலேறி வந்து, வலிகாமத்துச் சிறுவன் ஒருவனின் தலையில் அமர்ந்தது.

ஆர்னோல்ட், நெவின்ஸ், கரோல், வைமன் என்னும் முன்னொட்டுகள் இவ்வாறு வந்தவையே. 1841ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற 'உதயதாரகை'ப் பத்திரிகையின் முதல் ஆசிரியர் இருவர். ஒருவர் பெயர் ஹென்றி மார்ட்டின். மற்றவர் பெயர் சேத் பேசன். பெயரை மட்டும் கேட்பவர் இருவரையும் வெள்ளையர் என்றே எண்ணுவர். இருவரும் யாழ்ப்பாணத் தமிழர், செமினரியின் மாணாக்கர். ஈழத் தமிழ்ப் பத்திரிகைத் துறையின் தலைவாயிலிலே நிற்கும் இரு தமிழரைத் தமிழ்ப் பெயரால் அழைக்க இயலாதவாறு வரலாறு அமைந்துவிட்டது.

'பெயரில் என்ன இருக்கிறது? கிறித்தவராகும் எவரும் புதுப்பெயர் பெறுவது வழக்கந்தானே' என்று சிலர் கேட்கலாம். ஞானஸ்நானப் பெயர் வேறு, இது வேறு. ஞானஸ்நானப் பெயர் நம்பிக்கையை ஏற்றவன் ஏற்கும் பெயர். இதுவோ பணம் செலுத்தியவன் இட்ட பெயர். முன்னையது ஒரு நம்பிக்கையின் அடையாளம். பின்னையது ஒரு பற்றுச்சீட்டு. ஆட்டின் காதிலே குறி சுடுபவன் அந்த ஆட்டை வெறுப்பதனால் அவ்வாறு செய்வதில்லை. அது எவருடையது என்று அறியவே குறியிடுகிறான். பணம் செலுத்தியோர் நல்லவர்கள் என்பதிலோ, அவருட் பலர் தம் சிறுவருவாயிலிருந்தே கொடுத்தனர் என்பதிலோ ஐயமில்லை. ஆயினும் கொடுத்தவரின் நல்லெண்ணம் கொடுக்கல் வாங்கலின் இயல்பை மாற்றிவிடாது. இவ்வாறு தாங்கப்பட்ட செமினரி மாணவன் காசாக ஒன்றும் கொடுக்கவில்லை. ஆனால் தாய் தந்தையர் இட்ட பெயரைக் கொடுத்தான். ஒரு மனிதனிடம் அதற்கு மேல் வாங்குவதற்கு என்ன இருக்கிறது?

2. பொஸ்ரனில் இருந்த இரு கணக்கேடுகள்

இலவசம் என்பது ஏழைக்குக் காட்டும் இயல்பான இரக்கம், அதிற் குற்றம் காண்பது நன்றிகேடு என்று வாதிடுவோர் ஓர் உண்மையை மனங்கொள்ளல் வேண்டும். வட்டுக்கோட்டைக்குப் பணம் அனுப்பிய அதே காலத்தில், அதே பொஸ்ரன் நகரத்தில், ஏறக்குறைய அதே திருச்சபையினர் தம் சொந்த நாட்டு ஏழை மாணவருக்கு எவ்வாறு உதவினர் என்பதே அவ்வுண்மை.

1815ஆம் ஆண்டிலே பொஸ்ரனில் அமெரிக்கக் கல்விச் சங்கம் என்றொரு சங்கம் நிறுவப்பட்டது. போதகர் ஊழியத்துக்குப் பயில விரும்பிய ஏழை இளைஞரைத் தாங்குவதே அதன் நோக்கம். நியூ இங்கிலாந்தின் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பலர் அதன் உதவியினாற் கல்லூரிகளுக்கும் செமினரிகளுக்கும் சென்றனர். தொடக்கத்திலே நன்கொடையாக வழங்கப்பட்ட அவ்வுதவி 1820களிலே படிப்படியாகக் கடனாக மாற்றப்பட்டது. மாணவன் கையொப்பமிட்டுப் பணம் பெறுவான். பயின்று முடித்து ஊழியத்தில் அமர்ந்தபின் திருப்பிச் செலுத்துவான். தருமம் பெறுபவனின் தன்மானம் குன்றும், கடன்பட்டவனோ தலை நிமிர்ந்து நிற்பான் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயங்களுள் ஒன்று.

இவ்விரு முறைகளையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். மசச்சூசெற்சு மாநிலத்து ஏழைக் கமக்காரனின் மகன் செமினரிக்குச் சென்றபோது கடன் பத்திரத்திலே தன் சொந்தப் பெயரை எழுதினான். யாழ்ப்பாணத்துக் கமக்காரனின் மகன் செமினரிக்குச் சென்றபோது தன் சொந்தப் பெயரை இழந்தான். முன்னவன் கடனாளி; எனவே ஒரு கட்சிக்காரன்; உடன்படிக்கையின் ஒரு முனையில் அவனுக்கு இடமுண்டு. பின்னவன் பயனாளி, அவனுக்கு உடன்படிக்கையில் இடமில்லை, அவனே உடன்படிக்கையின் பொருள். தம் பிள்ளைகளின் தன்மானத்தைக் காப்பதற்குக் கடன் முறையே உகந்தது என்று கண்டவர்கள், பிறர் பிள்ளைகளுக்கும் தன்மானம் உண்டென்பதை மறந்தனர். இதனைக் காலனித்துவ மனப்பான்மை என்று கூறாது வேறெவ்வாறு கூறுவது?

கடன் முறை சிறந்தது என்று நிறுவுவது இங்கு நோக்கமன்று. அதன் கேடு பின்னர் கூறப்படும். உதவி என்னும் ஒரே சொல்லின் கீழே இருவேறு மனிதரை இருவேறு விதமாக நடத்தும் இரு கணக்கேடுகள் இருந்தன என்பதே ஈண்டு வற்புறுத்தப்படுவது.

3. கொடுத்தவனே மூடினான்

இலவசக் கல்வியின் முதல் விலை பெயர் என்றால், இரண்டாம் விலை 1855ஆம் ஆண்டிலே செலுத்தப்பட்டது.

அமெரிக்க மிசனின் செயலாளராக விளங்கிய ரூபஸ் அண்டர்சன் 1854-55ஆம் ஆண்டுகளிலே தூதுக்குழுவாக இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார். செமினரியைப் பற்றி அவர் கண்ட முடிவு கடுமையானது. ஆங்கிலக் கல்வி போதகரை உருவாக்கவில்லை. அரசாங்க உத்தியோகத்தரையே உருவாக்குகிறது. மாணாக்கர் நாடுவது நற்செய்தியையன்று, நல்ல சம்பளத்தையே. ஆகவே சுதேச மொழியிலே கிராமங்கள்தோறும் போதிப்பதற்கே பணம் செலவாகல் வேண்டும். இதுவே அவர்தம் வாதத்தின் சாரம். அவ்வாண்டே செமினரியின் கதவு மூடப்பட்டது.

அண்டர்சன் கொடியவர் அல்லர். அவர்தம் கணக்கின்படி அவர் கூறியது சரியே. அமெரிக்கத் திருச்சபையினர் போதகரை உருவாக்கவென்று பணம் கொடுத்தனர். கச்சேரிகளுக்கு எழுதுவினைஞரை உருவாக்கவென்று கொடுக்கவில்லை. கொடுத்தவன் தன் நோக்கத்துக்காகவே கொடுக்கிறான். நோக்கம் நிறைவேறாதவிடத்து நிறுத்திக்கொள்கிறான். அது அவன் உரிமை. தவறு வேறிடத்தில் உள்ளது. ஒரு சமூகம் தன் பிள்ளைகளின் உயர்கல்வி முழுவதையும் பிறரொருவரின் நோக்கத்தின்மேல் நாட்டி வைத்திருந்தமையே அத்தவறு. முப்பத்திரண்டு ஆண்டுகள் அங்கு பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் அதனை மூடுவதா விடுவதா என்று தீர்மானிக்கும் சபையில் இடம்பெறவில்லை. பணம் கொடாதவனுக்குக் குரல் ஏது?

மூடப்பட்டு இரண்டாண்டு கழியுமுன்பே வரலாறு அண்டர்சனின் கணக்கைப் பார்த்து நகைத்தது. 1857ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறியோர் இருவர். தாமோதரம்பிள்ளை ஒருவர், விசுவநாதபிள்ளை மற்றவர். இருவரும் வட்டுக்கோட்டை மாணாக்கர். தாமோதரம்பிள்ளை பிற்காலத்திலே வீரசோழியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்துப் பழந்தமிழ் நூல்களை மீட்டெடுத்தார். இருவரும் சைவத்துக்கு மீண்டனர் என்பதும் மறக்கற்பாலதன்று. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையின் வரலாறு இதனினும் வியப்புக்குரியது. அமெரிக்கப் பெயரைத் தாங்கி நின்ற அவர் 1887ஆம் ஆண்டிலே தொடங்கிய ஆங்கிலப் பாடசாலையே பின்னர் சைவ பரிபாலன சபையின் பொறுப்பில் வந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளையோ இறுதிவரை கிறித்தவராகவே வாழ்ந்து, 1886ஆம் ஆண்டிலே 'பாவலர் சரித்திர தீபகம்' என்னும் நூலைத் தந்து, சைவப் புலவரும் கிறித்தவப் புலவரும் ஒருங்கே போற்றப்படும் ஓர் ஏட்டைத் தமிழுக்கு ஆக்கினார்.

இவர்களெல்லாம் கொடையாளியின் கணக்கேட்டிலே நட்டமாக எழுதப்பட்டவர்கள்; அல்லது நட்டத்துக்குப் பக்கத்தில் எழுதப்பட்டவர்கள். தமிழ்ச் சமூகத்தின் கணக்கேட்டிலோ இவர்களே இலாபம். ஆனால் கையிலே கணக்கேடு வைத்திருந்தவர் வேறொருவர். அதனாலேயே இலாபம் நட்டமாகத் தோன்றிற்று, கதவும் மூடப்பட்டது.

4. மாணவனே கொடுக்கட்டும் என்போருக்கு

இவ்வரலாற்றைக் கேட்ட மறு சாரார் உடனே கைதட்டக்கூடும். 'அதனாலன்றோ கூறுகிறோம். படிப்பவனே பணம் கொடுக்கட்டும். பணம் கொடுத்தவன் எவனுக்கும் அடிமையல்லன். மேலும், விலை கொடாது பெற்ற பொருளுக்கு மதிப்பில்லை' என்பது அவர்தம் வாதம். இது கேட்பதற்கு இனியது, ஆராய்ந்தால் நில்லாதது.

முதலாவதாக, செமினரிக் கல்வி வைத்தியக் கல்வி போன்றோ சட்டக் கல்வி போன்றோ பின்னர் பொருளீட்டித் தரும் கல்வியன்று. மூன்று நான்கு ஆண்டுகள் உழைப்பின்றிப் பயின்று வெளிவரும் போதகருக்கு அல்லது குருவானவருக்குக் கிடைப்பது சிறு அலவன்சே. கடன்பட்டுப் பயின்றவர் அக்கடனை எவ்வாறு தீர்ப்பார்? வசதியுள்ள நகரத்துச் சபைகளையே நாடுவார். தோட்டப்புறத்துச் சபையும், போரினாற் சிதைந்த வன்னிக் கிராமத்துச் சபையும், மீனவர் குடியிருப்புச் சபையும் அவருக்குக் கட்டுபடியாகா. அமெரிக்காவில் இன்றும் செமினரியிலிருந்து கடன் சுமையோடு வெளியேறும் போதகர் பலர். அங்கே அது வருத்தத்துக்குரிய செய்தி. இங்கே அதுவே நடைமுறையாயின் ஏழைச் சபைகளுக்கு ஆயரே இல்லாத நிலை தோன்றும்.

இரண்டாவதாக, கட்டணம் ஒரு வாயிற்காவலன். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது இந்நாட்டின் ரூபாய் எவ்வாறு வீழ்ந்தது, ஓர் இறாத்தல் பாணின் விலை எவ்வாறு ஏறியது என்பதை எவரும் மறக்கவில்லை. விடுதியிலே தங்கிப் பயிலும் கல்விக்குக் கட்டணம் என்றால் முதலிற் செலவாவது சோற்றுக்கு. அதனைக் கொடுக்கக்கூடிய குடும்பத்துப் பிள்ளைகளே குருக்களாகவும் போதகராகவும் வருவரேல், ஏழையின் துயரைப் பற்றி அவர்கள் பிரசங்கிப்பது ஏட்டுச் சுரைக்காயாகவே முடியும்.

மூன்றாவதாக, இது புதியதொரு வினாவும் அன்று. செமினரி என்னும் நிறுவனத்தை முறைப்படி தோற்றுவித்த திரெந்துப் பொதுச்சங்கம் 1563ஆம் ஆண்டிலேயே இதற்கு விடை கண்டது. ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் குருமடம் அமைத்தல் வேண்டும்; ஏழைகளின் பிள்ளைகளே சிறப்பாகத் தெரிவுசெய்யப்படல் வேண்டும்; செல்வர் பிள்ளைகள் விலக்கப்படார், ஆயின் அவர்கள் தம் செலவைத் தாமே ஏற்றல் வேண்டும் என்று அச்சங்கம் விதித்தது. அதற்கான பணத்தை எங்கிருந்து பெறுவது? ஆயரின் வருமானம் உட்பட மறைமாவட்டத்துத் திருச்சபைச் சொத்துகளின் வருமானத்திலிருந்து ஒரு பகுதியை அறவிடுக என்றும் அதுவே விதித்தது. செமினரி என்னும் சொல் இலத்தீனிலே நாற்றுமேடையைக் குறிப்பது. எந்த வயலுக்கு நாற்றோ அந்த வயற்காரன் நீர் பாய்ச்சட்டும் என்பதே அவ்விதியின் உட்கிடை. நானூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியக் குருமார் கண்ட உண்மை, இன்று கட்டணப் பட்டியல் தயாரிப்போர் கண்ணுக்குத் தெரியாமற் போனது விந்தையே.

ஆனால் அதே திருச்சபை கீழைத்தேயத்துக்கு வந்தபோது வேறு வழியை நாடிற்று. சுதேச குருமாரைப் பயிற்றுவதற்கென 1889ஆம் ஆண்டிலே பிரான்சில் புனித பேதுரு சபை தொடங்கிற்று. 1893ஆம் ஆண்டிலே பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ கீழைத்தேயக் குருமடங்களுக்குப் பொருளுதவுமாறு ஐரோப்பியக் கிறித்தவரை நோக்கித் திருமுகம் விடுத்தார். கண்டிக்கு அண்மையிலுள்ள அம்பிட்டியாவிலே பாப்பரசர் குருமடம் எழுந்தது அவ்வாண்டிலேதான். சுதேசிகளே சுதேசிகளுக்குக் குருவாதல் வேண்டும் என்ற கொள்கை முற்போக்கானது. ஆயின் சுதேசக் குருவை உருவாக்கும் பணம் மட்டும் சுதேசப் பணமாதல் வேண்டும் என்ற கொள்கை உடன் வரவில்லை. 1955ஆம் ஆண்டிலே அக்குருமடம் பூனாவுக்கு மாற்றப்பட்டது. அம்பிட்டியாவிலே தேசிய குருமடம் நிலைத்தது. பெயரளவில் தேசியம் வந்தது. பணப்பெட்டியிலும் அது வருதல் வேண்டும்.

5. கொடுக்க வேண்டியவர் யார்?

தூரத்துக் கொடையாளி கொடுத்தால் அவன் கணக்கு ஆளும். மாணவன் கொடுத்தால் செல்வம் ஆளும். எஞ்சியிருப்பவர் ஒருவரே. அக்கல்வியின் பயனை நுகரும் சமூகமே அதற்கு விலை கொடுத்தல் வேண்டும்.

'ஏழைச் சமூகம் எவ்வாறு கொடுக்கும்' என்று கேட்பவர் தம் நாட்டையே சுற்றிப் பார்க்கட்டும். 1873ஆம் ஆண்டிலே கொழும்பு மாளிகாகந்தையில் ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல தேரர் வித்தியோதய பிரிவெனாவைத் தொடங்கியபோது, அதனைத் தாங்குவதற்கெனச் சிங்களப் பௌத்த இல்லறத்தார் வித்தியாதார சபை என்றொரு சபையை அமைத்தனர். பிக்குவுக்குக் கல்வி, செலவோ பிக்குவுக்குச் சோறிடும் மக்களுடையது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே விகாரையின் முற்றத்தில் முகத்துக்கு முகம் பார்த்தனர். அப்பிரிவெனா 1959ஆம் ஆண்டிலே பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

கடல் கடந்தால் மிசோரம் இருக்கிறது. வடகிழக்கு இந்தியாவின் அம்மலைநாட்டிலே கிறித்தவப் பெண்கள் 1910ஆம் ஆண்டிலே ஒரு வழக்கத்தைத் தொடங்கினர். ஒவ்வொரு வேளையும் உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைத்துத் திருச்சபைக்குக் கொடுப்பதே அது. அப்பிடியரிசி இன்றும் அத்திருச்சபையின் வருவாய்களுள் ஒன்று. பிடியரிசி ஈழத்துத் தமிழருக்குப் புதியதா? கோயில் மடத்துக்கும் ஊர்ப் பாடசாலைக்கும் வீடுவீடாகப் பிடியரிசி சேர்த்த வழக்கம் நம் பாட்டிமார் அறிந்தது.

வட்டுக்கோட்டையின் வரலாறும் இதனையே உறுதிப்படுத்துகின்றது. பொஸ்ரன் மூடிய கதவு தானாகத் திறக்கவில்லை. செமினரியின் பழைய மாணவரும் சுதேசக் கிறித்தவரும் உயர்கல்விக்கூடம் வேண்டுமென்று கேட்டுநின்று, தாமும் பணம் திரட்டியதன் பயனாகவே 1872ஆம் ஆண்டிலே அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றிற்று. கொடையாக வந்தது மூடப்பட்டது. கேட்டும் கொடுத்தும் பெற்றது நிலைத்தது.

ஆயின் சமூகம் என்னும் சொல்லையும் ஐயத்தோடேயே கையாளல் வேண்டும். எந்தச் சமூகம்? செமினரி மாணாக்கரிற் பெரும்பான்மையோர் வெள்ளாளரே. அமெரிக்கப் பணம் கடலைத் தாண்டியது. சாதியின் வேலியைத் தாண்டவில்லை. பின்னர் எழுந்த நம்மவரின் பாடசாலைகளும் அவ்வேலியைத் தாமாகப் பிடுங்கி எறியவில்லை. 1920களின் இறுதியிலே தாழ்த்தப்பட்ட மாணவருக்குச் சம ஆசனம் வழங்கவேண்டும் என்ற கட்டளை வந்தபோது யாழ்ப்பாணத்திற் பாடசாலைகள் சில தீக்கிரையாயின. ஊர்ப் பணம் என்றால் ஊரிற் பெரியவரின் பணம் என்றும், ஊர்க் குரல் என்றால் அவரின் குரல் என்றும் ஆகிவிடுமேல், பொஸ்ரனுக்குப் பதிலாக ஒரு சிறு பொஸ்ரனை ஊருக்குள்ளேயே உண்டாக்கியவராவோம்.

இலவசக் கல்வி எனப் போற்றப்படும் நமது அரச கல்வியும் இதற்கொரு சான்று. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945ஆம் ஆண்டிலே அது நடைமுறைக்கு வந்தது. அதன் செலவை ஈடுசெய்த வருவாயில் ஒரு பங்கு தேயிலையிலிருந்து வந்தது. ஆயினும் அத்தேயிலையைக் கொய்தவரின் பிள்ளைகள் பயின்ற தோட்டப் பாடசாலைகள் 1970களிலேயே அரசின் பொறுப்பில் வரத் தொடங்கின. விலை கொடுத்தவர் ஒருவர். முதலிற் பெற்றவர் வேறொருவர். 'இலவசம்' என்னும் சொல் விலையை நீக்குவதில்லை. விலை கொடுத்தவரின் முகத்தை மறைப்பதற்கே அது பயன்படுகிறது.

ஆகவே பணம் சேர்த்தல் மட்டும் போதாது. அது சேரும் முறையும் திருந்துதல் வேண்டும். சபையின் ஒவ்வொரு குடும்பமும் தன் வலிமைக்கேற்பக் கொடுக்கட்டும். ஒரு பிடி அரிசி கொடுத்த தோட்டத் தொழிலாளிக்கும், இலட்சம் கொடுத்த வணிகருக்கும் நிதிச் சபையில் ஒரே வாக்கு இருக்கட்டும். வரவு செலவுக் கணக்கு ஆண்டுக்கொருமுறை ஆலயத்திலே அனைவருக்கும் கேட்க வாசிக்கப்படட்டும். வெளிநாட்டு அன்பரும் புலம்பெயர்ந்த உறவினரும் அனுப்பும் பணத்தை வேண்டாமென்று தள்ளவேண்டுவதில்லை. ஆனால் அது பொதுநிதியிலே சேரட்டும்; எந்தவொரு மாணவனின் பெயரிலும் ஒட்டப்படலாகாது. இன்னாருடைய பிள்ளை என்று புகைப்படம் எடுத்தனுப்பும் வழக்கமும், மாதந்தோறும் நன்றிக் கடிதம் எழுதுவிக்கும் வழக்கமும் ஒழிதல் வேண்டும். ஹென்றி மார்ட்டின் என்று பெயரிட்டதற்கும், புகைப்படத்தின் கீழே கொடையாளியின் முகவரியை எழுதுவதற்கும் காலத்தால் வேறுபாடு உண்டேயன்றிக் கருத்தால் வேறுபாடில்லை.

இவ்வாறு பயின்று வெளிவரும் இளைஞனும் கடனாளியே. ஆனால் அவன் கடன் பணக்கடன் அன்று, வட்டியும் இல்லை. தன்னைப் படிப்பித்த ஊரிலே, அதுவும் எவரும் போக விரும்பாத ஊரிலே, சென்று பணிசெய்வதே அவன் தீர்க்கவேண்டிய கடன். அவ்வூரார் அவனைக் கேள்வி கேட்கலாம். அவனும் அவர்களைக் கேள்வி கேட்கலாம். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே மண்ணில் நிற்கும்போதுதான் நன்றி அடிமைத்தனமாக மாறாதிருக்கும்.

பிலிமத்தலாவையிலே 1963ஆம் ஆண்டு பல திருச்சபைகள் இணைந்து தொடங்கிய இலங்கை இறையியற் கல்லூரி, சிங்களத்திலும் தமிழிலும் இறையியலைக் கற்பிக்கத் துணிந்தது. இந்நாட்டு மொழியிலேயே இறையியல் பேசலாம் என்பதை அது மெய்ப்பித்தது. அடுத்த படி ஒன்று எஞ்சியுள்ளது. இந்நாட்டு மொழியிற் கற்பதற்கு இந்நாட்டு மக்களின் கையிலுள்ள காசே அடிப்படையாதல் வேண்டும்.

வட்டுக்கோட்டையின் மாணாக்கர் பேரறிஞராயினர். இரவற் பெயரோடு வாழ்ந்தும் தமிழுக்கு உழைத்தனர். அது அவர்தம் பெருமை. அப்பெயரை இட்ட முறையின் பெருமையன்று. அவர்களின் புகழைப் பாடும் நாம், அவர்கள் கொடுத்த விலையை இனியொரு பிள்ளை கொடாதிருக்கச் செய்யக் கடமைப்பட்டுள்ளோம். அதற்கு நாம் கொடுக்கவேண்டியது நம் வீட்டு உலையிலிருந்து ஒரு பிடி அரிசி. அதனைக் கொடுக்க மறுக்கும் சமூகத்துக்குத் தன் பிள்ளைகளின் பெயரை வேறொருவர் எழுதுகிறார் என்று முறையிடும் உரிமை இல்லை.